எடைக்குறைப்பும் திறன்கூட்டலும்: ஸ்போர்ட்ஸ் கார் மேம்பாடுகள் பற்றிய மதிப்பீடு

ஸ்போர்ட்ஸ் கார் மேம்பாடு என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காரின் பாகங்களை மாற்றியோ நீக்கியோ அதன் ஓட்டத்தைக் கூர்மையாக்கும் முயற்சி. இது இரு வழிகளில் நடைபெறுகிறது. எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவது முதல் வழி. காரின் எடையைக் குறைப்பது இரண்டாவது வழி. இவ்விரண்டுக்கும் தேவையான பாகங்களை விற்கும் பெரும் சந்தை உலகெங்கும் உள்ளது. அச்சந்தையில் கிடைப்பவற்றுள் செலவுக்கு ஈடான பயனைத் தருபவை எவை, தராதவை எவை, ஆபத்தை விளைவிப்பவை எவை என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 முதன்மை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒப்பீட்டுக்காக போர்ஷே 911 கரேரா ஆர்எஸ், லோட்டஸ் எலிஸ் ஆகியவையும் பேசப்படுகின்றன.

எடுத்துக்காட்டின் பின்னணி

மாஸ்டா எம்எக்ஸ்-5 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. முன்பக்க எஞ்சின், பின்சக்கர இயக்கம், இரண்டு இருக்கைகள், திறந்து மூடும் துணிக்கூரை ஆகியவை அதன் அடிப்படை அமைப்பு. உருவாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய தொஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாவதைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியக் கருத்தை வடிவமைப்பின் இலக்காகக் கொண்டார். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட முதல் தலைமுறைக் காரின் எடை 940 கிலோ. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் 120 குதிரைத்திறன் கொண்டது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. உலகில் மிக அதிகமாக விற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுவே.

எண்ணிக்கை மிகுதியாலும் விலைக் குறைவாலும் இந்தக் காரைச் சுற்றிப் பெரியதொரு உதிரிப்பாகச் சந்தை உருவாகியது. மேம்பாடுகளின் நன்மை தீமைகளை இவ்வளவு விரிவாகச் சோதித்துப் பார்த்த உரிமையாளர் கூட்டம் வேறு கார்களுக்கு அரிது. எனவே இத்துறையின் பொதுவான தவறுகளைக் காண இதுவே ஏற்ற இடம்.

எடையும் திறனும் சமமா

எடைக்குறைப்பைத் திறன்கூட்டலாக மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். 940 கிலோ எடையும் 120 குதிரைத்திறனும் கொண்ட காரில் 50 கிலோவைக் குறைத்தால், பிக்கப்பைப் பொறுத்தவரை அது 6 முதல் 7 குதிரைத்திறனைக் கூட்டியதற்கு இணை. இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கணக்கு பாதி உண்மையையே சொல்கிறது.

கூட்டப்பட்ட திறன் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமே பயன் தரும். குறைக்கப்பட்ட எடை பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும், மேடுபள்ளத்தைக் கடக்கும்போதும் பயன் தருகிறது. டயர், பிரேக், பேரிங் அனைத்தின் சுமையையும் அது இறக்குகிறது. மாறாக, கூடுதல் திறன் அவற்றின் சுமையை ஏற்றுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்து சேர்ந்த வளைவுக்கு இப்போது 110 கிலோமீட்டரில் வந்து சேரும் காரின் இயக்க ஆற்றல் 21 விழுக்காடு கூடுதல். அந்த ஆற்றல் முழுவதையும் பழைய பிரேக்கே வெப்பமாக்க வேண்டும்.

எடைக்குறைப்புக்கும் எல்லை உண்டு. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. அங்கே எடைக்கு ஏறத்தாழ இடமே இல்லை. நீண்ட நேர்சாலையில் உச்ச வேகத்தை நாடுபவருக்கு எடைக்குறைப்பு பெரிதாக உதவாது. வளைவுகள் நெருங்கி வரும் மலைப்பாதையிலும் சிறிய பந்தயத்தடத்திலும்தான் அதன் முழுப்பயன் தெரியும். ஆகவே கார் எங்கே ஓடப்போகிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தையும் மதிப்பிட முடியாது.

தொழிற்சாலைகள் காட்டிய வழி

1973 மாடலாக வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 எடைக்குறைப்பின் இலக்கணமாகக் கொண்டாடப்படும் கார். 210 குதிரைத்திறன் கொண்ட இக்கார் பந்தய விதிகளின்கீழ் ஏற்பு பெறுவதற்காக உருவானது. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின்னிருக்கை நீக்கம், கதவைத் திறக்க வெறும் பட்டை என ஒவ்வொரு இடத்திலும் எடை குறைக்கப்பட்டது. அதன் ஸ்போர்ட் வடிவம் ஏறத்தாழ 960 கிலோ. நீக்கிய வசதிகளைத் திரும்பச் சேர்த்த டூரிங் வடிவம் 1,075 கிலோ.

இக்காரைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. மொத்தம் தயாரான 1,580 கார்களில் 1,308 டூரிங் வகையைச் சேர்ந்தவை. ஸ்போர்ட் வகை 200 மட்டுமே. எடை குறைந்த காருக்காகவே கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், கூடுதல் பணம் கொடுத்து 115 கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தினமும் சாலையில் ஓட்டுவதற்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று வீட்டுக் கொட்டகையில் கார்ப்பெட்டையும் ஒலித்தடுப்பு விரிப்பையும் பெயர்த்தெடுப்பவர் எதிர்கொள்ளவேண்டிய கேள்வியும் அதுவே.

1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் வேறு வழியைக் காட்டியது. அதில் எடை நீக்கப்படவில்லை, தொடக்கத்திலிருந்தே சேர்க்கப்படவில்லை. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி உருவாக்கிய அதன் சட்டகம் 68 கிலோ மட்டுமே. முழுக் காரும் ஏறத்தாழ 725 கிலோ. 118 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 1.8 லிட்டர் எஞ்சினே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஒரு கார் அடிப்படையில் பெற்றிராத இத்தன்மையைப் பின்னாளில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க முடியாது என்பதே எலிஸ் தரும் பாடம்.

மாஸ்டா தன் காரைத் தானே மேம்படுத்திய இரு தருணங்கள் ஒப்பிடத்தக்கவை. 2004-இல் வந்த மாஸ்டாஸ்பீட் பதிப்பில் டர்போ பொருத்தப்பட்டு 142 குதிரைத்திறன் 178 ஆனது. அந்த 36 குதிரைத்திறனுக்காக நிறுவனம் சஸ்பென்ஷனை மாற்றியது. கிளட்ச் முதல் பின்சக்கரம் வரை ஆற்றலைக் கடத்தும் பாகங்களை வலுப்படுத்தியது. டர்போவின் விலை டர்போ பெட்டியின் மேல் எழுதியிருக்கும் தொகை மட்டும் அல்ல என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது தருணம் 2019 மாடல். அதன் 2.0 லிட்டர் எஞ்சின் அமெரிக்காவில் 155 குதிரைத்திறனிலிருந்து 181-க்கு உயர்ந்தது. எஞ்சினின் சுழற்சி எல்லை நிமிடத்துக்கு 6,800-லிருந்து 7,500 ஆனது. இதற்கான மாற்றங்களில் ஒன்று ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம், ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராம் எடையைக் குறைத்தது. எடைக்குறைப்பும் திறன்கூட்டலும் இங்கே ஒரே செயலாகின்றன. ஆனால் இது எஞ்சினைப் புதிதாக வார்ப்பவருக்கு வாய்க்கும் வழி. கடையில் வாங்கிப் பொருத்துபவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

சந்தையில் விற்பனையாகும் மாயைகள்

மேம்பாட்டுச் சந்தையின் முதல் குறை, அளந்து சொல்ல எளிதானதையே விற்பது. உச்சக் குதிரைத்திறன் ஒற்றை எண். எத்தனை கிலோ குறைந்தது என்பதும் ஒற்றை எண். ஸ்டியரிங் வழியாக டயரின் பிடி கைக்குத் தெரிவது எண்ணாக மாறாது. ஆகவே அது விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை.

டர்போ இல்லாத எஞ்சினில் காற்று உறிஞ்சு குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் திறன் சிறிது. கிடைக்கும் ஒலி பெரிது. ஒலி கூடினால் வேகம் கூடியதாகத் தோன்றும். சில குழாய்கள் எஞ்சின் அறையின் வெப்பக் காற்றையே உறிஞ்சுவதால் திறன் குறைவதும் உண்டு. ஒலிக்காகவே வாங்குபவர் ஏமாறவில்லை. வேகத்துக்காக வாங்குபவர் ஏமாறுகிறார்.

கார்பன் இழை பானட் இன்னொரு எடுத்துக்காட்டு. எஃகு பானட் உள்ள காரில் அதற்குப் பொருளுண்டு. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் பானட் தொழிற்சாலையிலேயே அலுமினியத்தால் ஆனது. அங்கே கார்பன் இழை மிச்சப்படுத்துவது மிகக் குறைவு. லித்தியம் பேட்டரிக்கும் இது பொருந்தும். போர்ஷே நிறுவனம் 2010-இல் 911 ஜிடி3 முதலிய கார்களுக்கு விருப்பப் பாகமாக அளித்த லித்தியம் பேட்டரி 10 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தது. எம்எக்ஸ்-5-இன் பேட்டரியோ முதலிலேயே சிறியது. எடைச் சமநிலைக்காகப் பின்பக்க டிக்கியில் வைக்கப்பட்டது. ஒரு காரில் நல்ல பயனளித்த பாகம் இன்னொரு காரில் வெறும் அலங்காரமாகலாம்.

பெரிய சக்கரங்கள் மூன்றாவது மாயை. முதல் தலைமுறைக் கார் 14 அங்குலச் சக்கரத்தில் 185/60 டயருடன் வந்தது. அதை 17 அங்குலமாக்கினால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் எடை பெரும்பாலும் கூடும்; கூடும் எடை சக்கரத்தின் விளிம்பில் அமரும். சுழலும் விளிம்பில் உள்ள ஒரு கிலோவை முடுக்க ஏறத்தாழ இரண்டு கிலோவை முடுக்கும் ஆற்றல் வேண்டும். அத்துடன் அது ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை என்பதால் குண்டும் குழியுமான பாதையில் டயர் தரையைப் பற்றுவதையும் கெடுக்கிறது. மாஸ்டா தன் நான்காம் தலைமுறைக் காரில் சக்கரத்துக்கு ஐந்தாக இருந்த போல்ட்டுகளை நான்காகக் குறைத்தது. கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைச் சுமந்தும் அந்தத் தலைமுறையின் எடை குறைந்த வடிவம் ஜப்பானில் 990 கிலோவில் நின்றது. இப்படிப்பட்ட சிறு சிக்கனங்களின் கூட்டலே அதற்குக் காரணம். அந்தச் சிக்கனத்தை ஒரே சக்கர மாற்றத்தில் தொலைத்துவிட முடியும்.

காரைத் தாழ்த்துவது நான்காவது. முதல் தலைமுறைக் காரில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் தொலைவு குறைவு. குட்டையான ஸ்பிரிங்கை மட்டும் பொருத்தினால் கார் ரப்பர் முட்டுகளின்மேல் ஓடத் தொடங்கும். வளைவின் நடுவில் முட்டு இடித்தால் டயரின் பிடி திடீரென்று விடும். இறுக்கமான உணர்வும் சிறந்த பிடியும் ஒன்றல்ல.

பயன் தருபவை

முதலில் செய்யவேண்டியது மேம்பாடே அல்ல, மீட்பு. முப்பதாண்டு கடந்த காரில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் இறுகியிருக்கும்; ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருக்கும். அவற்றைப் புதிதாக்கினாலே பலருக்கு அது வேறொரு காராகத் தோன்றும். தேய்ந்த அடித்தளத்தின்மேல் பொருத்திய விலையுயர்ந்த பாகம் தேய்மானத்தை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

இரண்டாவது டயர். முடுக்கம், பிரேக், திருப்பம் எல்லாமே உள்ளங்கை அளவு கொண்ட நான்கு ரப்பர் பரப்புகளின் வழியாகவே தரையை அடைகின்றன. டயரை விஞ்சி வேறெந்தப் பாகமும் வேலை செய்ய இயலாது. குறைவாக ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் டயரின் பள்ளம் தேயாமல் இருக்க, ரப்பர் மட்டும் இறுகிப்போவது வழக்கம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். முதலிரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

மூன்றாவது பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும்; ஈரம் ஏறியபின் 155 டிகிரியே போதும். அந்த வெப்பத்தைப் பந்தயத்தடத்தில் சில சுற்றுகளிலேயே எட்டிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உருவாகும், ஆவி அமுங்கும், மிதி தரைவரை சென்றாலும் கார் நிற்காது. பெரிய டிஸ்க்கும் வண்ணம் பூசிய காலிப்பரும் வாங்குவதற்கு முன், மிகக் குறைந்த செலவில் ஆயிலை மாற்றுவது அறிவுடைமை. சிலிக்கோன் வகையான டாட் 5 மற்ற வகைகளோடு கலக்கக்கூடாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

நான்காவது வீல் அலைன்மென்ட். எம்எக்ஸ்-5-இன் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனில் முன்னும் பின்னும் சக்கரக் கோணங்களைத் திருத்த இயலும். எந்தப் பாகமும் வாங்காமல் காரின் குணத்தை மாற்றும் மேம்பாடு இது. ஐந்தாவது ஓட்டுநர் பயிற்சி. கார் கைமாறினாலும் இது மட்டும் உரிமையாளரோடு தங்கும்.

இவற்றுக்குப் பின்னரே எடை குறைந்த சக்கரம், நல்ல டேம்பர், எடை குறைந்த ஃபிளைவீல் ஆகியவை வருகின்றன. ஃபிளைவீல் எடையைக் குறைப்பதன் பயன் தாழ்ந்த கியர்களில் மிகுதி. உயர்ந்த கியர்களில் சிறிது. எஞ்சின் நின்ற நிலையில் சற்றுக் குலுங்குவதும், நெரிசலில் காரை நகர்த்துவது கடினமாவதும் அதற்கான விலை. எஞ்சின் திறன் கடைசியில் வருகிறது. 1.6 லிட்டர் காரின் பின்பக்க டிஃபரென்ஷியல் பின்னர் வந்த 1.8 லிட்டர் காரினதைவிட வலுக்குறைந்தது. டர்போ பொருத்தினால் அது முதலில் உடையும் பாகங்களுள் ஒன்று.

கிலோவுக்கு என்ன விலை

எடைக்குறைப்புப் பாகங்களை ஒப்பிட, விலையைக் குறைந்த கிலோவால் வகுக்கும் முறை பரவலாக உள்ளது. பயனுள்ள தொடக்கம்தான். இந்த அளவுகோலின்படி முதலிடம் பிடிப்பவை செலவே இல்லாதவை. எம்எக்ஸ்-5-இன் 45 லிட்டர் டேங்கில் நிரம்பிய பெட்ரோல் ஏறத்தாழ 33 கிலோ. பந்தயத்தடத்துக்குப் பாதி டேங்கோடு சென்றால் 16 கிலோ இலவசமாகக் குறைகிறது. ஸ்டெப்னி, ஜாக், டிக்கியில் சேர்ந்த சாமான்கள் ஆகியவற்றை அன்று மட்டும் இறக்கிவைக்கலாம். மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த அளவுகோல் எல்லாக் கிலோவையும் ஒன்றாகக் கருதுகிறது. கூரையில் குறையும் கிலோ ஈர்ப்புமையத்தைத் தாழ்த்துகிறது. தரைவிரிப்பில் குறையும் கிலோ சற்றே உயர்த்துகிறது. சக்கரத்தில் குறைவது மும்முறை பயன் தருகிறது: முடுக்கத்தில், பிரேக்கில், டயரின் பிடியில். காரின் இரு முனைகளில் குறைவது திரும்பும் விரைவைக் கூட்டுகிறது. எந்தக் கிலோ என்று கேட்காமல் எத்தனை கிலோ என்று மட்டும் கேட்பது இந்த முறையின் அடிப்படைக் குறை.

தொடக்கூடாத எடை

எடைக்குறைப்பு ஆர்வத்தின் இருண்ட பக்கம் பாதுகாப்புப் பாகங்களையும் வெற்று எடையாகக் காண்பது. பம்பருக்குள் இருக்கும் உலோகத் தண்டு, கதவுக்குள் இருக்கும் மோதல் தடுப்பு, ஏர்பேக் கொண்ட ஸ்டியரிங் ஆகியவை எளிதில் கழற்றத்தக்கவை, கிலோக்கணக்கில் எடையுள்ளவை. அவற்றின் மதிப்பு ஒரே ஒரு நொடியில்தான் தெரியும். அந்த நொடி வராதவரை காருக்கு எந்த இழப்பும் தெரியாது என்பதே இந்தத் தவறு தொடர்வதற்குக் காரணம்.

திறந்த கூரைக் காரைப் பந்தயத்தடத்துக்குக் கொண்டுசெல்பவர் எடையைக் கூட்டவே வேண்டும். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் இல்லாமல் பல தடங்களில் அனுமதி கிடையாது. அது சில கிலோக்களைச் சேர்க்கும். ஈர்ப்புமையத்தையும் சற்று உயர்த்தும். எனினும் அதற்கு மாற்று இல்லை. பாதி நிலையில் செய்வது முழுதும் செய்யாமல் விடுவதைவிட ஆபத்தாக முடிவதும் உண்டு. ரோல் பார் இல்லாமல் பந்தய வார்ப்பட்டைகளால் உடலை இருக்கையோடு இறுகக் கட்டினால், கார் கவிழும்போது உடல் சாய்ந்து தப்ப வழியில்லை. முழு ரோல் கேஜ் பொருத்திய காரைத் தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டினால் சிறு மோதலில்கூடத் தலை இரும்புக் குழாயில் இடிபடலாம். பந்தயத்தடத்தில் உயிர்காக்கும் கருவியே சாலையில் உயிருக்குக் கேடாகலாம்.

மதிப்பீடு

மேம்பாட்டுக் கலாச்சாரத்தை முற்றாக நிராகரிப்பதற்கில்லை. தன் காரின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, எடைபோட்டு, அதன் தேவையைக் கேட்கும் உரிமையாளர் தொழிற்சாலைப் பொறியாளரின் கேள்விகளையே கேட்கிறார். அந்த வகையில் இது நல்லதொரு கல்வி. சிக்கல் வரிசையில் உள்ளது. கண்ணுக்குத் தெரிபவை முதலிலும், காதுக்குக் கேட்பவை அடுத்தும், காரை நிறுத்துபவையும் திருப்புபவையும் கடைசியிலும் வாங்கப்படுகின்றன. பணம் பெரும்பாலும் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுவதால், திறன் கூடி பிரேக் பழையதாகவே இருக்கும் கார்கள் சாலைக்கு வருகின்றன.

விலை குறைந்த, சிறிய, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்று அரிதாகிவருகின்றன. லோட்டஸ் எலிஸின் தயாரிப்பு 2021-இல் நின்றுவிட்டது. எஞ்சியிருக்கும் பழைய கார்களில் ஒவ்வொன்றும் திரும்பச் செய்ய முடியாதது. வெட்டிய தகட்டையும் துளைத்த சட்டகத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். ஆகவே கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்துவது, திரும்பப் பொருத்தக்கூடிய மாற்றங்களையே தேர்ந்தெடுப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப்பார்ப்பது ஆகிய மூன்றும் எந்தக் காருக்கும் பொருந்தும் விதிகள். ஒரே நாளில் ஐந்து பாகங்களை மாற்றியவருக்கு எது பயன் தந்தது, எது கெடுத்தது என்பது தெரியப்போவதில்லை.